கடலில் மிதந்த பையும் கோட்டையில் கிடைத்த காகிதமும்



1780 செப்டம்பர் 3. நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால், ‘மெர்க்குரி’ என்ற சிறு கப்பலை ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்று துரத்திப் பிடிக்கிறது. அதில் இருந்தவர் ஹென்றி லாரன்ஸ். ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவராவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1777இல், அமெரிக்கக் காங்கிரஸின் தலைவராக அமர்ந்தவர். ஆங்கிலேயரை எதிர்த்து நடந்த அமெரிக்க விடுதலைப் போருக்குக் கடன் கேட்டு ஹாலந்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பிடிபடப் போகிறோம் என்று தெரிந்ததும் காகிதங்களைப் பையில் போட்டுக் கடலில் வீசினார். பை உடனே மூழ்கவில்லை. ஆங்கிலேய மாலுமிகள் கொக்கி போட்டு இழுத்துவிட்டார்கள்.

உள்ளே இருந்தது, டச்சுக்காரரோடு செய்துகொள்ள எழுதிய ஒப்பந்த வரைவு. அமெரிக்கருக்கு டச்சு வணிகர்கள் சரக்கும் வெடிமருந்தும் விற்பதைக் கண்டு கறுவிக்கொண்டிருந்த லண்டனுக்கு அது போதும். டிசம்பரில் ஹாலந்து மீது போர் அறிவித்தது.

அந்தப் போர்தான் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது.

1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து இந்த ஊரைப் பறித்தவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களை இங்கே இழுத்தவை துணி, சங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக முத்து. சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடக்கும் ஆண்டுகளில் விடியுமுன்னே தோணிகள் முத்துப் பார்களை நோக்கிப் போகும். காலடியில் கல்லை வைத்துக் கயிற்றோடு ஒருவர் இறங்குவார். மூச்சுத் தாங்கும் மட்டும் சிப்பியை அள்ளிவிட்டுக் கயிற்றை அசைப்பார். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் தூக்கிவிடுவார். அந்தப் பிடியில்தான் முத்துக்குளிக்கும் பரதவரின் உயிர். அவர்கள் அள்ளி வந்த செல்வத்துக்காகத்தான் ஐரோப்பியர் மாறி மாறி இந்தக் கரையில் நின்றார்கள்.

1781 நவம்பரில் நாகப்பட்டினம், 1782இல் தூத்துக்குடி என்று ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1783 ஆகஸ்டில் ஆங்கிலேயக் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, உள்ளே ஓர் ஒப்பந்தம் கிடைத்தது. கொழும்பு டச்சு அரசும் கட்டபொம்மு நாயக்கரும் செய்துகொண்டது. நாயக்கர் என்றால் நாம் நன்கறிந்த வீரபாண்டியர் அல்லர், அவருக்கு முந்தைய பாளையக்காரர்.

இரண்டு காகிதங்களுக்கும் கதை ஒன்றுதான்: ஆங்கிலேயரை எதிர்த்தவர்கள் டச்சுக்காரரின் துணையைத் தேடியிருக்கிறார்கள். பலன்தான் வேறு. லண்டன் கோபுரச் சிறையில் கிடந்த லாரன்ஸ், யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸுக்கு மாற்றாக விடுதலையானார். அமெரிக்கத் தூதர் ஜான் ஆடம்ஸ் 1782 ஏப்ரலில் டச்சு அங்கீகாரத்தையும், பிறகு ஆம்ஸ்டர்டாமில் 50 லட்சம் கில்டர் கடனையும் பெற்றார். பாஞ்சாலங்குறிச்சிக்கு அப்படிக் கைகொடுப்பார் இல்லை. அமெரிக்காவில் தோற்ற அதே கார்ன்வாலிஸ் 1786இல் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்தார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். வாஷிங்டன் தம் வீட்டுப் படுக்கையில் காலமானது அதே ஆண்டு டிசம்பர் 14.

அமெரிக்க விடுதலைப் போரை எங்கோ நடந்த கதையாகவே நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் நின்று அதைச் சொல்லிக் கொடுத்தால் என்றைக்கும் மறக்காது.

1785இல் டச்சுக்காரரிடம் திரும்பிய தூத்துக்குடி, மறுபடி கைமாறி, கடைசியாக 1825 ஜூன் 1 அன்று ஆங்கிலேயரிடம் போனது. அன்று ஜான் ஆடம்ஸ் 89 வயதில் உயிரோடு இருந்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர், அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ்.