புதியதில் கால் வைக்கும் துணிவு



துணிகரச் செயல் என்றதும் நம் மனக்கண் முன்னே மலையும் கடலும்தான் வந்து நிற்கின்றன. 1997-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் மகேந்திரன், மோகனதாஸ் என்னும் இரு மலேசியர்கள் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறினார்கள். நம் நாட்டிலிருந்து முதன் முதலில் அங்கே கால் பதித்தவர்கள் நம்மவர்கள் என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் குடும்பத்துக்கு எவரெஸ்ட் வெகு தொலைவு. நம் பிழைப்போடு ஒட்டிய வேறொரு துணிவைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தங்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போயின. தோட்டம் கைமாறியதும் பலருக்கு வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. அந்தச் சமயத்தில், 1960-ஆம் ஆண்டில், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, "நாமே தோட்டம் வாங்குவோம்" என்றார். ஒரு பங்கு நூறு வெள்ளி. அதைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

பத்து வெள்ளி அன்று சிறிய தொகையா? பால்மரம் வெட்டுகிறவருக்குப் பல நாள் கூலி அது. "பிள்ளைக்குச் சட்டை எடுக்கலாமே, முன்பின் தெரியாத சங்கத்தில் போடுவானேன்?" என்று எத்தனை வீடுகளில் பேச்சு நடந்திருக்கும்! கேட்டதில் தவறே இல்லை. கேட்ட பிறகும் கட்டினார்கள் பாருங்கள், அதைத்தான் நான் துணிவு என்கிறேன். மறு ஆண்டே, 1961-இல், கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. கூலிக்கு மரம் வெட்டியவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள்.

நாலு நம்பர் எடுப்பதும் துணிச்சல்தானே என்று சிலர் சிரித்துக்கொண்டே கேட்பதுண்டு. இல்லை ஐயா. நம்பர் எடுக்கிறவர் எதையும் விசாரிப்பதில்லை; விசாரிக்கவும் அதில் ஒன்றும் இல்லை. பங்கு வாங்கியவர், பணம் எங்கே போகிறது, யார் கணக்கு வைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கை நீட்டினார்.

இந்த நிதானம் நமக்குப் புதிதன்று. பால் வெட்டக் கற்றுக்கொண்ட நாளை நினைத்துப் பாருங்கள். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பயந்து மேலாகச் சீவினாலோ பால் சரியாக இறங்காது. இரண்டுக்கும் நடுவே அந்த மெல்லிய அளவைக் கை பழகும் வரை எத்தனை நாள் தண்டலிடம் ஏச்சு வாங்கியிருப்போம்! பாம்பும் அட்டையும் உள்ள நிரையில், இருட்டில், நெற்றி விளக்கோடு தனியே நடந்த தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அப்படி நடந்த தாய்மார்களே பட்டணத்து ஆபீசு வாசலில் தயங்கி நிற்பதுதான் எனக்குப் புரிவதில்லை. "அவர் வந்தால்தான் போவேன், எனக்கு மலாய் சரியாக வராது" என்கிறார்கள். சேமநிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கணவர் இறந்த பிறகே விசாரிக்கத் தொடங்கிய குடும்பங்களும் உண்டு. கேட்கக் கூசியதால் வந்த நஷ்டம் அது.

ஆகவே அம்மா, அடுத்த முறை பட்டணத்துக்குப் போகும்போது ஒரு காரியத்தை நீங்களே செய்து பாருங்கள். அடையாளக் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியதை முதல் நாள் இரவே, எழுதத் தெரிந்த மகளிடம் சொல்லித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் இரண்டாம் முறையும் கேளுங்கள். அந்த நாற்காலியில் இருப்பவருக்குச் சம்பளம் அதற்குத்தான். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அம்மா பேசுவதை அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.