ஜெனரேட்டர் வெளியே இருக்கட்டும்



சிவனசமுத்திரத்திலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. ஆனாலும் புதுக் கட்டடத்துக்குக் கம்பி வரும்வரை நமக்கு ஜெனரேட்டர்தான் துணை.

மழை வந்தால் அதை உள்ளே தள்ளி ஓட்டுகிறோம். திருட்டுக்குப் பயந்து பக்கத்திலேயே படுக்கிறோம். இது ஆபத்து. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக்காற்று இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போகலாம். சன்னலைத் திறந்தாலும் போதாது.

2020இல் அமெரிக்காவின் லூசியானாவில் லாரா புயல் அடித்தது. அங்கே இறந்தவர்களில் பலரைக் கொன்றது ஜெனரேட்டர் புகைதான்.

என்ன செய்யலாம்?

கட்டடத்திலிருந்து 20 அடி தள்ளி வையுங்கள். புகை கட்டடத்தின் பக்கம் போகக் கூடாது. மழைக்கு மேலே தகரம் போடுங்கள். நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். ஈரக் கையால் தொடாதீர்கள். நிறுத்தி, சூடு ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள். அப்போது பீடி வேண்டாம்.

வேலை முடிந்ததும், ஆறிய பிறகு சாமான் அறையில் வைத்துப் பூட்டுங்கள். பெட்ரோல் கேனை இறுக மூடுங்கள். அடுப்பும் படுக்கையும் இல்லாத இடத்தில் வையுங்கள்.

தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். 108க்குப் போன் செய்யுங்கள்.

மேஸ்திரி உள்ளே வைத்து ஓட்டச் சொன்னால், இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.