பிளக் இறுகிப் போனா பயப்படாதீங்க



நம்ம சேர்வராயன் மலையில மழையும் பனிமூட்டமும் அதிகம். பவர் ஸ்பிரேயர், களை வெட்டுற மெஷின்ல ஸ்பார்க் பிளக் துருப்பிடிச்சு இறுகிப் போகுது. குழுக் கடன்ல வாங்கின மெஷின் மூலையில கிடந்தாலும் தவணை நிக்காது. சேலத்துக்குத் தூக்கிட்டுப் போகணும்னா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும்.

பிளக் இரும்பு; அது உட்காருற ஹெட் அலுமினியம். முரட்டுத்தனமா திருகினா அலுமினியத்துல இருக்கிற மரைதான் போகும். அதனால இன்ஜின் நல்லா ஆறின பிறகு கை வையுங்க. பிளக் மூடியைக் கழற்றி, சுற்றியிருக்கிற மண்ணைப் பிரஷால் தள்ளுங்க. மண் உள்ளே விழுந்தா பிஸ்டன்ல கீறல் விழும். துரு இளக்குற ஆயிலை அடியில விட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில பிளக் ஸ்பேனரை நேரா மாட்டி இடப்பக்கம் மெதுவா திருப்புங்க. பிடிச்சா வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி, ஆயில் விட்டு, மறுபடி இடப்பக்கம். சுத்தியல் வேண்டாம்.

பிளக் சும்மா சுத்திக்கிட்டே இருந்து வெளியே வரலைன்னா மரை போயிடுச்சுன்னு அர்த்தம். அதோட நிறுத்திடுங்க. ஹெட்டையே மாத்தணும்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க. மரைச்சுருள் வச்சுச் சரிபண்ண முடியுமான்னு லேத் பட்டறையில கேளுங்க.

புது பிளக்கை விரலாலயே கடைசி வரை திருகணும். பிறகு ஸ்பேனரால அரைச் சுற்று போதும்.

குழுவுக்கு ஒரு பிளக் ஸ்பேனர் வாங்கி வையுங்க. ரெண்டு பேராவது பழகிக்கோங்க.