பலகாரத் தட்டும் கண் மருந்துக் குப்பியும்

தீபாவளி நெருங்குகிறது என்பதைத் தோட்டத்து லயத்தில் நாள்காட்டி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். முதல் வீட்டில் நெய் உருகும் வாசனை, அடுத்த வீட்டில் முறுக்கு வேகும் வாசனை, கடைசி வீட்டில் கேக் அடிப்பிடித்த வாசனை. இன்று நம்மவர்களில் பலர் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். வாசனையும் கூடவே போயிருக்கிறது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இரண்டு. ஒன்று, வீட்டில் சுலபமாகச் சுடக்கூடிய பலகாரம். மற்றொன்று, கண் அரிப்புக்குப் போடும் சொட்டு மருந்து. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே பலகைத் தட்டில் இருந்தன. சம்பந்தம் அங்கேதான் ஏற்பட்டது.

1979-ஆம் ஆண்டு. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. எங்கள் தாயார் பால் வெட்டு முடிந்து வந்து, குளித்துச் சமைத்து, பொழுது சாய்ந்த பிறகு பிஸ்கட்டுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். மாவுத் தூசு பட்டால் அவருக்குக் கண் அரிக்கும். தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுத்த சொட்டு மருந்து, விரல் நீளப் பழுப்புக் குப்பியில், அடுப்புக்கு மேலிருந்த தட்டில் இருந்தது. கண்ணாடிச் சொட்டுக்குழாய் தனியாக இருக்கும். அந்தக் குப்பிக்குப் பக்கத்திலேயே, அதே அளவு, அதே நிறத்தில் வனிலா எசன்ஸ் குப்பி. விளக்கு வெளிச்சமும் போதாது. தாயார் கையால் தடவிச் சொட்டுக்குழாயை நனைத்தது எசன்ஸில். கண்ணில் விட்டதும் போட்ட அலறல் அடுத்த லயம்வரை கேட்டது.

பாட்டி தாய்ப்பால் ஊற்றச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்காள் விளக்கெண்ணெய் கொண்டு ஓடி வந்தார். எங்கள் தகப்பனார் யார் பேச்சையும் கேட்காமல் தாயாரைக் குழாயடிக்கு இழுத்துப்போய், இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். அதுதான் சரியான வைத்தியம் என்று மறுநாள் டிரெஸ்ஸர் சொன்னார். எசன்ஸில் சாராயச் சத்து இருக்கிறது. கண்ணின் மேல்தோலை எரித்துவிடும். எசன்ஸ் ஆனாலும் சோப்பு ஆனாலும் தோட்டத்து மருந்துத் தண்ணீர் ஆனாலும், கண்ணில் தவறிப் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது விடாமல் ஊற்றவேண்டும். பிறகுதான் மருத்துவரிடம் ஓடவேண்டும். ஓடிவிட்டுப் பிறகு ஊற்றுவதல்ல. தாயாருக்கு மூன்று நாள் கண் சிவந்து கிடந்தது, பார்வை தப்பியது.

அன்றைக்கு அவர் செய்துகொண்டிருந்தது சூஜி பிஸ்கட். பெயர்தான் சூஜி, பல வீடுகளில் ரவை சேர்ப்பதே இல்லை. நெய் ஒரு கோப்பை, மாவாகப் பொடித்துச் சலித்த சீனி ஒரு கோப்பை, கோதுமை மாவு இரண்டரைக் கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை, வனிலா எசன்ஸ் அரைத் தேக்கரண்டி. எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பையை வைத்துக்கொண்டால் போதும், தராசு வேண்டாம். நெய் தண்ணீராக இருக்கக்கூடாது. உருக்கியிருந்தால் ஆறவிட்டு, மறுபடி கெட்டிப்படத் தொடங்கும் நேரத்தில் எடுங்கள். சீனியைப் போட்டு, வெளுத்துப் பஞ்சுபோல் வரும்வரை மரக்கரண்டியால் தேயுங்கள். கை வலிக்கத்தான் செய்யும். பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு நூறு சுற்று என்று பங்கு போட்டுவிடலாம். பிறகு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டும். கையில் அள்ளி அழுத்தினால் உதிராமல் நிற்கும் பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்; கோப்பையில் கால்வாசி மாவு மிஞ்சினாலும் பரவாயில்லை. மாவுக்கு மாவு குடிக்கும் நெய்யின் அளவு மாறும்.

நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்து, ஓர் அங்குல இடைவெளி விட்டுத் தட்டில் வைத்து, ஓவனில் 160 பாகைச் சூட்டில் 15 முதல் 18 நிமிடம் சுடலாம். மேலே மெல்லிய வெடிப்பு விடும். நிறம் வெளுப்பாகவே இருக்கவேண்டும். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் நெய் வாசனை போய்விடும். சுடச்சுடத் தொட்டால் பொடிந்துவிடும். தட்டிலேயே ஆறவிட்டுப் பிறகு டின்னில் அடுக்குங்கள்.

ஓவன் இல்லாத வீட்டுக்கு வாழைப்பழக் கேக் சொல்கிறோம். தோல் கறுத்துப்போன பழம் நான்கு ஐந்து, கோதுமை மாவு இரண்டு கோப்பை, சீனி முக்கால் கோப்பை, எண்ணெய் அரைக் கோப்பை, முட்டை இரண்டு, சோடா மாவு ஒரு தேக்கரண்டி, சிட்டிகை உப்பு. பழத்தை மசித்து, முட்டை, சீனி, எண்ணெய் கலந்து, கடைசியில் மாவும் சோடாவும் உப்பும் சேர்த்து நாலைந்து கிளறு. அதற்கு மேல் கிளறினால் கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ரப்பரோடு போதிய பழக்கம் நமக்கு உண்டு, கேக்கிலும் வேண்டாம். தடித்த அலுமினியப் பானையில் ஓர் அங்குலத்துக்குக் காய்ந்த மணலோ கல்லுப்போ பரப்பி, நடுவில் சிறு முக்காலி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். எண்ணெய் தடவிய டின்னில் கலவையை ஊற்றி அதன்மேல் வைத்து மூடி, சிறு தீயில் 40 முதல் 50 நிமிடம் விடுங்கள். தென்னங்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரவேண்டும். ஒட்டாப் பூச்சு உள்ள பானையை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். வெறும் சூட்டில் அந்தப் பூச்சு கெட்டுப் புகையும்.

இனிக் கண்ணுக்கு வருவோம். மாவைச் சலிக்கும்போது எழும் தூசு சிலருடைய கண்ணுக்கும் மூக்குக்கும் ஒவ்வாது. நாள்முழுதும் மாவில் நிற்கும் ரொட்டிக் கடைக்காரர்களுக்கு இதனால் இழுப்பு வருவதும் உண்டு. சல்லடையை உயரத் தூக்காமல் மங்குக்குள்ளேயே தாழ்த்திச் சலியுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். சிந்திய மாவைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். முடிந்ததும் முகம் கழுவுங்கள். இவ்வளவிலேயே பாதி அரிப்பு அடங்கிவிடும். மீதிக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கசக்குவது மட்டும் கூடாது. கசக்கக் கசக்க அரிப்பு கூடும்.

எல்லாச் சிவப்பும் ஒவ்வாமை அல்ல என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். இரண்டு கண்ணும் அரித்து, தெளிந்த நீர் வடிந்தால் பெரும்பாலும் ஒவ்வாமை. காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டால் அது கிருமி. 1997, 2015, 2019-ஆம் ஆண்டுகளில் வந்ததுபோன்ற புகைமூட்டத்தில் எரிவது வெறும் புகையின் எரிச்சல். ஆனால் ஒரு கண்ணில் மட்டும் வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுவது, பார்வை மங்குவது என்றால், எந்தச் சொட்டும் விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். குறிப்பாகச் செம்பனை மட்டையோ முள்ளோ இலையோ கண்ணில் அடித்திருந்தால் தாமதம் கூடவே கூடாது. செடிகொடிக் காயத்தில் காளான் வகைக் கிருமி கருவிழிக்குள் புகுந்துவிடும். அது சில நாள் பதுங்கியிருந்து, பிறகுதான் வெண்புள்ளியாகத் தெரியவரும்.

அந்தக் கண்ணில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டால் தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகும். இதைச் சற்று நின்று சொல்லவேண்டியிருக்கிறது. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து அரிப்பையும் சிவப்பையும் மிக விரைவாக அடக்கும். அதனால்தான் அது ஆபத்து. “அண்ணிக்குப் போட்டார்கள், ஒரே நாளில் கேட்டது” என்று குப்பி கைமாறும். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். வலியே இருக்காது. ஓரப் பார்வை சிறிது சிறிதாகப் போய்க்கொண்டிருக்கும். போனது திரும்பாது. கண்புரையும் சீக்கிரம் வரும். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அது நல்ல மருந்துதான். அண்ணி கொடுத்தால் அல்ல.

ஒவ்வாமைக்கென்றே உள்ளவை வேறு. கீட்டோட்டிஃபென், ஓலோபட்டாடின் என்பவை அரிப்பைச் சீக்கிரம் குறைக்கும். சோடியம் குரோமோகிளைகேட் என்பது மெதுவாக வேலை செய்வது. சில நாள் விடாமல் போட்டால்தான் பலன் தெரியும். இரண்டு நாள் போட்டுவிட்டு “கேட்கவில்லை” என்று தூக்கிப் போடுவோர் அதிகம். இன்னொரு வகை, சிவந்த கண்ணை வெளுக்கவைக்கும் சொட்டு. நஃபாசோலின், டெட்ராஹைட்ரோசோலின் என்ற பெயர்கள் அதில் இருக்கும். இது இரத்தக் குழாயைச் சுருக்குகிறதே ஒழிய ஒவ்வாமையின் வேரைத் தொடுவதில்லை. இரண்டு மூன்று நாளுக்கு மேல் போட்டால், நிறுத்தியதும் கண் முன்னைவிடச் சிவக்கும். தீபாவளிப் புகைப்படத்துக்காக இதை நாள்தோறும் விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

விடும் முறைக்கு வருவோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிளகாய் அரைத்த கை என்றால் இரண்டு முறை. தலையைச் சாய்த்து, கீழிமையை விரலால் இறக்கினால் சிறு பை போல் வரும். அதில் ஒரு சொட்டு. ஒன்றே போதும். குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டையே கண் முழுதாகப் பிடித்துவைக்க முடியாமல் வழிய விடுகிறது. இரண்டு மூன்று விடுவது கன்னத்துக்குத்தான். குப்பியின் நுனி இமையிலோ விரலிலோ படக்கூடாது. பட்டால் கிருமி உள்ளே போய்க் குப்பியிலேயே குடியிருக்கும். விட்டபின் கண்ணைச் சிமிட்டாமல் மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் ஒரு நிமிடம், முடிந்தால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். அங்கேயுள்ள துவாரம் தொண்டைக்குப் போகிறது. தொண்டையில் கசக்கிறது என்பார்களே, அந்த வழிதான். வேறு சொட்டும் போடவேண்டியிருந்தால் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

திறந்த நாளைக் குப்பிமேல் எழுதுங்கள். பெட்டியில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, 28 நாள் கழித்து மருந்து மிச்சமிருந்தாலும் கொட்டிவிடவேண்டும். பத்து இருபது வெள்ளி மருந்தாயிற்றே என்று மனம் வராது. நமக்கும் வருவதில்லை. ஆனால் போன தீபாவளிக் குப்பியை இந்தத் தீபாவளிக்கு எடுப்பது, போன வருடத்துக் கேக்கை எடுத்துப் பரிமாறுவதைவிட மோசம். ஒரு குப்பி ஒருவருக்குத்தான்; கணவனுக்கும் மனைவிக்கும்கூடப் பொது இல்லை.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. முன்னே சொன்னோமே, சிவப்பை வெளுக்கவைக்கும் சொட்டு, அதைக் குழந்தை வாயில் வைத்துச் சப்பிவிட்டால் அபாயம். 1 முதல் 2 மில்லிலிட்டர் விழுங்கினாலே சிறு குழந்தைகளுக்குக் கடுமையான பாதிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012-இல் எச்சரித்தது. பலகாரத்துக்கு நாம் அளக்கும் ஒரு தேக்கரண்டி 5 மில்லிலிட்டர். அதில் பாதிகூட இல்லை, பாருங்கள். குழந்தை சோர்ந்து தூங்கி வழியும். மூச்சும் நாடியும் மெதுவாகும். தூங்குகிறது என்று விட்டுவிடாமல், வாந்தியெடுக்க வைக்க முயலாமல், 999-ஐ அழைத்து, குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஆகவே கண் மருந்துக்குச் சமையலறையில் இடமில்லை. அடுப்புச் சூடும் தகரக் கூரைச் சூடும் மருந்தைக் கெடுப்பது ஒரு பக்கம். எசன்ஸ், கேசரிக் கலர், ஒட்டும் பசை, காது மருந்து எல்லாமே இன்று ஒரே மாதிரி சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குப்பியில் வருகின்றன என்பது மறு பக்கம். படுக்கையறையில், பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில், வாங்கிய பெட்டியோடு, முடிந்தால் பூட்டி வையுங்கள்.

எங்கள் தாயாருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு மருந்துக் குப்பி தகப்பனாரின் சட்டைப் பெட்டிக்குக் குடிபோயிற்று. எசன்ஸ் குப்பியின் கழுத்தில் தாயார் சிவப்பு நூலை முடிச்சுப் போட்டுக் கட்டினார், இருட்டில் தடவினாலும் தெரியும்படி. உங்கள் வீட்டில் பார்வை மங்கிய பெரியவர்கள் இருந்தால் எசன்ஸ் குப்பிக்கு இன்றைக்கே ஒரு ரப்பர் வளையம் மாட்டிவிடுங்கள். ரப்பர் வளையம் எது, கண் மருந்து எது என்று அவர்கள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டு, மாவு சலிக்க உட்காருங்கள்.