திரும்பி வந்த கட்டுரை

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இச்சங்கம் தோன்றிய நாளில், நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டினால் போதும் என்பதே நம் முன்னோடிகளின் வேண்டுதலாக இருந்தது. இன்றோ முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்வோர் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்காகவே, ஆய்வுக் கட்டுரையை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பும் முறை பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். பி.ஏ., பி.எட்., மட்டுமே படித்த அரசுப் பள்ளித் தலைமையாசிரியராகிய நமக்கு இப்பொருளை ஏன் அளித்தீர்கள் என்று செயலாளரைக் கேட்டோம். "நீங்கள் ஏமாந்த கதையைச் சொன்னாலே போதும்" என்றார். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் பள்ளியில் இடையில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளைப் பற்றி, சேர்க்கைப் பதிவேடுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினோம். பன்னாட்டு ஆய்விதழ் என்று தன்னைக் கூறிக்கொண்ட ஓரிடத்திற்கு அதனை அனுப்பினோம். நான்காம் நாளே ஏற்றுக்கொள்ளப்பட்டது என்னும் செய்தி வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் செலுத்துமாறும் அதில் கண்டிருந்தது. மகிழ்ச்சியில் உடனே செலுத்தினோம். அச்சான பக்கங்களைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினோம். மறுநாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, "ஐயா, இரண்டாம் அட்டவணையில் கூட்டுத்தொகை தவறாக இருக்கிறதே" என்றாள். கூட்டிப் பார்த்தோம், அவள் சொன்னதே சரி. பதின்மூன்று பக்கங்களையும் அவ்விதழில் ஒருவரும் படிக்கவில்லை என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

இனி இரண்டாவது கதை. நம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர், வேளாண் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர், பெண் தொழிலாளரின் கூலி பற்றி ஆய்வு செய்தார். அவர் தரமான ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை, இரண்டு பக்கக் குறிப்புரைகளுடன் திரும்பி வந்தது. ஒரு மாலைப்பொழுதில் அத்தாள்களை நம் கையில் கொடுத்து, "ஐயா, என் பெயரையும் ஊரையும் பார்த்தே திருப்பிவிட்டார்கள். இனி எழுதப்போவதில்லை" என்றார்.

அவர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. பெயரையும் ஊரையும் கேட்டபின் முகம் மாறுவோரைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அக்கொடுமை கல்விக்கூடங்களில் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆயினும் அன்று அத்தாள்களை வரிவரியாகப் படித்தோம். அவ்விதழ் ஆசிரியர் பெயரை மறைத்தே கட்டுரையை மதிப்பீட்டாளரிடம் அனுப்பும் வழக்கமுடையது. படித்தவருக்கு எழுதியவர் யாரென்றே தெரியாது. குறிப்புகள் ஏழு. நடவுக்காலக் கூலியையும் வேலையற்ற காலக் கூலியையும் கலந்து சராசரி கண்டது ஏன்? எத்தனை பெண்களை, எந்தெந்த மாதங்களில் சந்தித்தீர்? மூன்று ஊர்களை ஆராய்ந்துவிட்டு மாவட்டம் முழுவதற்கும் முடிவு கூறலாமா? இவ்வாறு ஆறு குறிப்புகள் நேர்மையான கேள்விகள். ஏழாவது ஒன்றே தவறானது. அறுவடைக் கூலியாக அளந்த மரக்கால் எங்கும் ஒரே அளவு என்று மதிப்பீட்டாளர் கருதிவிட்டார். ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் என்பதை நம் இளைஞர் அறிவார். அவர்தம் தாயார் அந்த மரக்காலில் கூலி வாங்கியவர். ஆறு குறிப்புகளை ஏற்றுத் திருத்தினார்; ஏழாவதற்குப் பணிவுடன் சான்று காட்டி மறுத்தெழுதினார். இரண்டாம் முறை அக்கட்டுரை ஏற்கப்பட்டது.

படிக்காமல் ஏற்றவர் நம்மை மதிக்கவில்லை. படித்துத் திருப்பியவரே நம் இளைஞரை அறிஞராக மதித்தார். இன்று நாம் சொல்ல வந்தது இது ஒன்றே.

இவ்வழியில் நமக்கு முன்னே நடந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1916-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், தம் இருபத்தைந்தாம் வயதில், நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் என்பார் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை அவர் படித்தார். 1917 மே மாதத்தில் 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் ஆய்விதழில் அது வெளியாயிற்று. அதன் அமைப்பைப் பாருங்கள். சாதி பற்றி முன்னர் எழுதிய செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் ஆகியோரின் வரையறைகளை முதலில் எடுத்துவைக்கிறார். எங்கே குறைகின்றன என்று காட்டுகிறார். பின்னரே அகமணமே சாதியின் அடிப்படை என்னும் தம் கருத்தை நிறுவுகிறார். இறுதியில், தம் கொள்கை தவறென்று காட்டப்படின் அதனைக் கைவிடவும் அணியமாயிருப்பதாகக் கூறி முடிக்கிறார். சாதியால் வருத்தப்பட்ட ஒருவர், சாதியைப் பற்றியே இவ்வளவு நிதானத்துடன் எழுதினார். நல்ல ஆய்வுக் கட்டுரைக்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

அவர் எழுத்தும் திருப்பப்பட்டதுண்டு. ரூபாயின் சிக்கல் பற்றி இலண்டன் பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த ஆய்வேட்டைத் திருத்தி எழுதுமாறு தேர்வாளர்கள் பணித்தனர். பம்பாயிலிருந்தவாறே அதனைத் திருத்தி அனுப்பி, 1923-ஆம் ஆண்டில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே அது நூலாகவும் வந்தது. அதற்கு அணிந்துரை எழுதிய பேராசிரியர் எட்வின் கேனன், நூலாசிரியரின் கருத்துகள் பலவற்றில் தமக்கு உடன்பாடில்லை என்று அதிலேயே எழுதினார். மாறுபாட்டை அவமதிப்பாகக் கொள்ளாத அறிவுலகம் அது.

இளைஞர்களே, இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, ஆய்வேடு வேறு, கட்டுரை வேறு. முந்நூறு பக்க ஆய்வேட்டைச் சுருக்கினால் கட்டுரை ஆகாது. அதிலுள்ள ஒரு கேள்வியை மட்டும் எடுத்து, அதற்கு மட்டும் விடை காணுங்கள். அக்கேள்வியை ஒரே வாக்கியத்தில் உங்கள் தாயாருக்குச் சொல்ல இயலுமாயின், கட்டுரைக்கு அடித்தளம் அமைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இரண்டாவது, எழுதி முடிக்குமுன்னரே இதழைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் அண்மைய இதழ்கள் சிலவற்றைப் படியுங்கள். உங்கள் பொருள் அங்கே இடம்பெறுவதுண்டா என்று காணுங்கள். சொல்லளவு, அடிக்குறிப்பு முறை, துணைநூற் பட்டியலின் ஒழுங்கு ஆகியவற்றை ஒவ்வோர் இதழும் தன் நெறிமுறையில் கூறியிருக்கும். விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் கவனத்துடன் அதனைப் பின்பற்றுங்கள். நல்ல கட்டுரைகளும் பொருத்தமற்ற இதழுக்குச் சென்று, மதிப்பீட்டாளரை எட்டாமலே திரும்புவதுண்டு.

மூன்றாவது, கட்டுரையின் உறுப்புகள். தலைப்பு பொருளைச் சொல்ல வேண்டும். ஆய்வுச் சுருக்கம் பெரும்பாலும் 150 முதல் 250 சொற்களுக்குள் அமைவது; கேள்வி, முறை, கண்டது, அதன் பயன் ஆகிய நான்கும் அதில் இருத்தல் வேண்டும். அதனைக் கடைசியில் எழுதுங்கள். முன்னுரையில் பிறர் என்ன சொன்னார் என்பதையும், சொல்லாது விட்டது யாது என்பதையும் காட்டுங்கள். செய்திகளை எவ்வாறு திரட்டினீர் என்பதை ஒளிவின்றிச் சொல்லுங்கள். கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் முடிவுரையில் கூறாதீர்கள். அட்டவணைகளை மற்றொருவரைக் கொண்டு கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இதனை ஏன் வற்புறுத்துகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான்காவது, நேர்மை. பிறர் சொல்லை எடுத்தாண்டால் அவர் பெயரைச் சொல்லுங்கள். ஆய்வேடுகளில் காணப்படும் ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை உண்டென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டு விதிகளில் வகுத்தது. கணினிக் கருவிகள் இல்லாத நூல்களையும் இருப்பனபோல் எழுதித் தருகின்றன. நீங்கள் கையில் எடுத்துப் பார்க்காத நூல் உங்கள் பட்டியலில் இருத்தல் கூடாது. உங்களிடம் மனம்திறந்து பேசிய ஏழைப் பெண்ணின் பெயரும் அடையாளமும் வெளிவரலாகாது; அதனால் அவள் கூலி போகக்கூடும். கட்டுரையில் யார் யார் பெயர் வரும், எவ்வரிசையில் வரும் என்பதை நெறியாளருடன் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். முடிந்தபின் பேசினால் மனக்கசப்பே மிஞ்சும்.

ஐந்தாவது, அனுப்பும் முறை. பெயர் மறைத்து மதிப்பிடும் இதழாயின், உங்கள் பெயரும் நன்றியுரையும் தனித்தாளில் இருக்கட்டும். கட்டுரைக்குள் "என் முந்தைய ஆய்வில்" என்று எழுதினால் மறைப்பு கலைந்துவிடும். ஒரு சமயத்தில் ஓர் இதழுக்கே அனுப்புங்கள். படியொன்றைப் பத்திரப்படுத்துங்கள். 1917-இல் அண்ணல் தாயகம் திரும்பியபோது, அவருடைய உடைமைகள் வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. அரிய நூல்கள் கடலுக்குப் போயின. உங்கள் எழுத்தை ஒரே கணினியில் மட்டும் வைத்திராதீர்கள்.

ஆறாவது, போலி இதழ்கள். ஆய்வேட்டை அளிக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கியிருந்தன. அவசரத்தில் பலர் காசு கொடுத்து அச்சேற்றினர். 2022 நவம்பர் விதிகளில் மானியக் குழு அக்கட்டாயத்தை நீக்கியது. 2019 முதல் அக்குழு பேணிவந்த இதழ்ப் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. எனவே நல்ல இதழைக் கண்டறியும் பொறுப்பு இன்று நம்மீதே சார்ந்துள்ளது. ஆசிரியர் குழுவில் உள்ளோர் உண்மையில் உள்ளவர்தாமா? பழைய இதழ்கள் படிக்கக் கிடைக்கின்றனவா? சில நாள்களில் ஏற்பதாகச் சொல்கின்றனரா? மதிப்பீடு செய்து ஏற்றபின், யாவரும் இலவசமாகப் படிக்கும் பொருட்டுக் கட்டணம் கேட்கும் நல்ல இதழ்களும் உண்டு. இயலாதவர்க்கு அதனைத் தள்ளுபடி செய்வனவும் உண்டு. ஆயினும் மதிப்பீடின்றிக் காசு கேட்டால் விலகுங்கள். உங்கள் தந்தையின் வியர்வைக்கு அது விலையன்று.

கட்டுரை திரும்பி வந்தால் என்ன செய்வது? அன்றிரவு மறுமொழி எழுதாதீர்கள். மூன்று நாள் கழித்துப் படியுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் எண்ணிட்டு, ஏற்றதை எங்கே திருத்தினீர் என்றும், மறுத்ததை எச்சான்றால் மறுத்தீர் என்றும் எழுதுங்கள். முற்றாக மறுக்கப்படின், குறிப்புகளைப் பயன்கொண்டு திருத்தி வேறோர் இதழுக்கு அனுப்புங்கள். குறிப்பில் உண்மையாகவே காழ்ப்பு இருக்குமாயின், அதனையும் சான்றுடன் இதழாசிரியருக்கு எழுதலாம். எது காழ்ப்பு, எது கேள்வி என்று பகுத்தறிய வேண்டும். கேள்வியைக் காழ்ப்பென்று எண்ணி எழுதுகோலைக் கீழே வைத்தால், இழப்பு நம்முடையதே.

எழுதுவதும் அச்சிடுவதும் நமக்குப் புதியன அல்ல. இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கி நடத்தினர். நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்கள் நூலகங்களில் ஏராளம். மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதை அறிந்தவர் எழுதியவை சிலவே.

இக்கருத்தைச் செயலாக்க ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டடத்தில் ஆய்வு இளைஞர்கள் கூடுங்கள். ஒருவர் கட்டுரையை மற்றவர் படித்துக் கேள்வி கேளுங்கள். அயலார் கேட்குமுன் நம்மவர் கேட்கட்டும். கூட்டல் சரிபார்க்க ஆள் வேண்டுமாயின், நம் பள்ளி மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளை அழைத்து வருகிறோம்.