ஏரிக்கு ஏரி வேறுபடும் வரம்பு

பெங்களூரில் வாழும் தமிழருள் அல்சூர் ஏரியைக் காணாதவர் அரியர். 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. இத்தகைய செய்தியைக் கேட்டவுடன், யாரோ நீரில் நஞ்சைக் கலந்துவிட்டனர் என்றே மனம் எண்ணும். ஆனால் நஞ்சு இல்லாமலும் மீன் சாகும். நீரில் உணவு மிகுந்தாலே போதும். அந்த விசித்திரத்தைப் பற்றியும், அதற்கு வரம்பு கட்டும் முறையைப் பற்றியும் இன்று சிறிது பேசுவோம்.

பயிருக்கு உரமாவன நைட்ரஜனும் பாஸ்பரஸும். நீரில் வாழும் பாசிக்கும் அவையே உரம். வீட்டுச் சாக்கடையும், சலவைத் தூள் கரைந்த நீரும், வயலில் இட்ட உரத்தில் மழை அடித்துச் செல்லும் பங்கும் ஏரியைச் சேரும்போது பாசி பெருகுகிறது. பகலில் பாசி சூரிய ஒளியின் துணையால் பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவிலோ அதுவே பிராணவாயுவை உட்கொள்கிறது. செத்த பாசியும் சாக்கடைக் கசடும் அழுகுவதற்கும் பிராணவாயு செலவாகிறது. ஆகவே விடியற்காலையில் நீரில் அது மிகவும் குன்றி நிற்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து திணறுவது அந்நேரத்தில்தான். நண்பகலில் வந்து நீரை அளந்து பார்க்கும் அதிகாரிக்கு எல்லாம் சரியாகவே இருப்பதாகத் தோன்றும்!

அரசாங்க ஏடுகளில் இதற்கு ‘ஊட்டச்சத்து மாசு’ என்று பெயர். குழந்தை நலத் திட்டங்களில் ‘ஊட்டச்சத்து’ என்று எழுதிப் பழகிய எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளரின் கை, அதன் பக்கத்தில் ‘மாசு’ என்ற சொல்லை இடச் சற்றே தயங்கும். எனினும் தொடர் பொருத்தமானதே. ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் நாடு முழுவதற்கும் ஒரே எண்ணை விதிப்பதில் பெரிய குறை இல்லை. பாஸ்பரஸ் அப்படிப்பட்டதன்று, அது அறவே இல்லாத ஏரியில் பாசியும் இராது, மீனும் இராது. எவ்வளவு போதும், எவ்வளவு மிகை என்பது அந்தந்த ஏரியைப் பொறுத்தது.

பாஸ்பரஸின் ஆற்றலை உலகறியச் செய்தது கனடா நாட்டுச் சோதனை ஒன்று. 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் ஒண்டாரியோ மாகாணத்தில் 226 என்று எண்ணிட்ட ஒரு சிறு ஏரியை நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கரிப்பொருளும் நைட்ரஜனும் இட்டனர். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தனர். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி பச்சைக் குழம்பாயிற்று. அக்காலத்தில் சலவைத் தூள் உற்பத்தியாளர் தரப்பில் கரிப்பொருளின்மேல் பழியைப் போட்டு வாதாடியவர் உண்டு. வானிலிருந்து எடுத்த ஒரே புகைப்படம் அவர்களுடைய வாதத்தை வலுவிழக்கச் செய்தது.

அளவு ஏரிக்கு ஏரி ஏன் மாறுகிறது? 1968-இல் ஃபோலன்வைடர் என்ற அறிஞர், வந்து சேரும் பாஸ்பரஸை மட்டும் பார்த்தல் போதாது, ஏரியின் ஆழத்தையும் நோக்க வேண்டும் என்று காட்டினார். நீர் அங்கே எத்தனை காலம் தங்குகிறது என்பதையும் பின்னர்க் கணக்கில் சேர்த்தார். ஆழமுடைய, நீர் விரைவில் மாறும் ஏரி தாங்கும் சுமையை ஆழமற்ற தேங்குநீர் தாங்காது. ஓடைகளின் கதை இன்னும் நுட்பமானது. மரநிழல் அடர்ந்த ஓடையில் உரம் மிகுந்தாலும் வெயில் இல்லாமையால் பாசி படர்வதில்லை. கரையிலுள்ள மரங்களை வெட்டிவிட்டால் அதே நீர் பச்சையாகும்.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டை ஒட்டிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நாட்டை 14 இயற்கை மண்டலங்களாக வகுத்துக்கொண்டு, பெரும்பாலானவற்றின் ஆறுகளுக்கும் ஓடைகளுக்கும் பாஸ்பரஸ் எண்களைப் பரிந்துரைத்தது. மேற்கு மலைக்காடுகளுக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மிசிசிப்பி வண்டல் சமவெளி அடங்கிய மண்டலத்துக்கு 128. ஒரே நாட்டில் பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! அந்த எண்களும் தொடக்கமே. தத்தம் நீர்நிலைகளை ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் உரிமை மாநிலங்களுக்கு இருந்தது.

நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பயனை ஒட்டி நீர்நிலைகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துள்ளது. அவ்வகுப்புகளுக்குரிய அளவைகளில் பிராணவாயு உண்டு, கிருமிகளின் எண்ணிக்கை உண்டு, பாஸ்பரஸ் இல்லை. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளிலுள்ள பொதுத் தரம், நீர்நிலையில் விடும் கழிவுநீரில் கரைந்த பாஸ்பேட்டை லிட்டருக்கு 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் வரை அனுமதிக்கிறது. அது 5,000 மைக்ரோகிராம். விடும் நீரின் எண்ணை ஆற்றின் எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிடலாகாது என்பது உண்மையே. ஆற்றில் கலந்து அது நீர்த்துப்போகும் என்பது கணக்கு. ஆனால் பெல்லந்தூர் ஏரியில் கோடையில் கலப்பதற்கு நல்ல நீர் ஏது? வருவதில் பெரும்பகுதி நகரத்துச் சாக்கடை. அந்த ஏரியில் நுரை மலையாக எழுந்ததையும், 2015-லும் 2017-லும் அங்கே தீப்பற்றியதையும் நேயர்கள் மறந்திரார்.

அத்தகைய ஏரிக்கு வரம்பு காண்பது எப்படி? முதலில் ஏரி எதற்காக என்று தீர்மானிக்க வேண்டும். மீன் வளர்ப்புக்கு ஓர் அளவு, குடிநீருக்கு வேறோர் அளவு. பின்னர்ப் பருவந்தோறும் நீரை எடுத்துப் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் பச்சையத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். பிராணவாயுவை விடியற்காலையிலும் அளக்க வேண்டும். எந்த அளவுக்கு மேல் பாசி கட்டுமீறுகிறது என்பது அப்போது புலப்படும். வெப்ப நாடுகளின் ஏரிகள் சிலவற்றில் பாசிக்குக் கடிவாளமாக இருப்பது நைட்ரஜனே. குளிர்நாட்டு எண்ணை இறக்குமதி செய்து ஒட்டவைப்பது அதனால்தான் ஆபத்து. ஏரியின் அடிச் சேறும் ஒரு சேமிப்புக் கிடங்கு. பிராணவாயு தீர்ந்தவுடன், பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாஸ்பரஸை அது மேலே விடுகிறது. சாக்கடையை அடைத்த மறுநாளே ஏரி தெளிந்துவிடாது.

இந்த முறையில் ஒரு சூழ்ச்சிக்கும் இடமுண்டு. ‘இந்த ஏரி இயற்கையிலேயே பசுமையானது’ என்று சொல்லி வரம்பைத் தளர்த்திக்கொள்ளலாம். ‘ஆராய்ச்சி முடியவில்லை’ என்று சொல்லிப் பத்தாண்டு கடத்தலாம். ஆராய்ச்சி முடியும்வரை இடைக்காலமாகக் கடுமையான எண் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பது நமது கருத்து. சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியைப் பாருங்கள். 1955-இல் பாசியின் பெருக்கத்தை எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் கண்டு எச்சரித்தார்; 1958-இல் மக்கள் வாக்களித்தனர்; 1963 முதல் 1968 வரை கழிவுநீரை ஏரியிலிருந்து திருப்பிவிட்டனர்; ஏரி தெளிந்தது. ஆழமும் நீரோட்டமும் அந்த ஏரிக்குத் துணையாயின. அவ்வளவு விரைவைப் பெல்லந்தூரில் எதிர்பார்த்தல் தகாது.

மற்றொன்று. பெல்லந்தூர் நீர் வர்த்தூர் ஏரிக்குச் சென்று, அங்கிருந்து தட்சிண பினாகினியில் கலக்கிறது. அந்த ஆறே தமிழகத்தில் தென்பெண்ணை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது அதன் விளைவு. ஓடும் ஆற்றில் கண்ணுக்குப் புலப்படாத பாஸ்பரஸ், அணையில் நீர் தேங்கியதும் பாசியாக விழித்துக்கொள்கிறது. ஆகவே பெல்லந்தூருக்கு எண் வகுப்போர், அதே மாதத்தில் கெலவரப்பள்ளியிலும் நீர் எடுத்து அளக்க வேண்டும். இரு மாநில வாரியங்களும் அந்தக் கணக்கை ஒரே ஏட்டில் எழுதவேண்டும்.