சட்டத்தில் சமத்துவம், திட்டத்தில் சமத்துவம்

கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று சாலை வழியே சென்றால், ஒருபுறம் கம்பம், மறுபுறம் செம்பனைத் தோட்டம். இரண்டு இடத்திலும் ஏழைகள் உண்டு. அரசாங்கத் திட்டங்கள் இருவரையும் ஒன்றுபோல் எட்டினவா? இதைத்தான் இன்று சிந்திக்க இருக்கிறோம்.

நமது அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. 153ஆவது பிரிவு மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையோடு, மற்ற இனத்தாரின் நியாயமான நலன்களையும் காக்கச் சொல்கிறது. 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்போம் என்றது. தோட்டத்து ஏழையை விட்டுவிடு என்று எங்கும் எழுதப்படவில்லை.

அப்படியானால் அவர் விடுபட்டது எப்படி? தோட்டம் தனியார் நிலம் என்பதால்தான். கம்பத்திற்குச் சாலையும் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் அரசாங்கச் செலவில் வந்தன. தோட்டத்திலோ அவை முதலாளியின் பொறுப்பு. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும் அப்படியே வைத்தது. முதலாளி தாமதித்தால் லயத்தில் இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். பள்ளிக்கும் இதே நிலை. தோட்டத்து நிலத்தில் நின்ற தமிழ்ப்பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளியானது. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தது; கட்டடத்திற்காகப் பள்ளி வாரியமும் பெற்றோரும் அலைந்தார்கள்.

இந்த விதியில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் அன்று லயங்களில் வாழ்ந்தவர்களில் மிகப் பலர் தமிழர். ஆகவே பெயர் சொல்லாத விதியும் ஓர் இனத்தைப் பின்னுக்குத் தள்ளக்கூடும்.

இதற்கு மருந்து என்ன? பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அரசு அலுவலகங்களுக்கு ஒரு கடமையை விதித்தது. முறையீடு வந்தபின் விசாரித்தால் போதாது. திட்டம் தீட்டும்போதே, அது எந்த இனத்தாரை எப்படிப் பாதிக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்திலும் அக்கடமை தொடர்ந்தது.

இது கம்பத்துக் குழாயை அடைக்கச் சொல்வதல்ல. அந்தக் குழாய் தோட்டத்து வாசலோடு ஏன் நின்றது என்று கேட்பது. இன்று லயத்தில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இக்கேள்வி பொருந்தும்.

ஆகவே நேயர்களே, உங்கள் வட்டாரத்தில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பயன் யாருக்கு? எந்த விதி யாரை வெளியே நிறுத்துகிறது? கணக்கெடுப்பில் நம் வீடுகள் சேர்ந்திருக்கின்றனவா? குடும்பங்களின் எண்ணிக்கையையும் குறைகளையும் எழுதி, நகராண்மைக் கழகத்திடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள். திட்டம் முடிந்தபின் அழுவதைவிட, அது உருவாகும்போதே பேசுவது மேல்.